வரிசை சரிதான்... ஆரம்பம்தான் தப்பு!

"செல்ஃப் சுத்துது, பெட்ரோல் வருது, பிளக்ல பொறியும் வருது. ஆனா, வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது!"

போன மாதம் இரண்டு நாள்கள் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். வண்டி, அப்பாவின் 1986 மாடல் அம்பாசடர். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். வாடகைக்கு ஓட்டி, என்னையும் அக்காவையும் படிக்கவைத்த வண்டி. நான்கு வருடங்களாக ஷெட்டில் நின்றதை, தன் அறுபதாம் கல்யாணத்தன்று அம்மாவை உட்காரவைத்து ஓட்ட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

இன்ஜின் வேலை பார்த்தவர் பெரியப்பா. ரத்த சொந்தம் இல்லை; அப்பாவின் பழைய மெக்கானிக். எழுபதைத் தாண்டியதும் பட்டறையை மூடிவிட்டார். அப்பாவுக்காக எங்கள் ஷெட்டுக்கே வந்து இன்ஜினை இறக்கி, லேத்தில் கொடுத்து போர் போட்டு, புது பிஸ்டன், ரிங் எல்லாம் மாட்டினார்.

சாவி போட்ட அன்று இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. கார்புரேட்டர் வழியாக 'பட்... பட்டார்' என்று வெடித்தது.

பெரியப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெட்ரோல் பம்ப் சரி. டேப்பெட் இடைவெளி சரி. பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் ஒட்டிவைத்து செல்ஃப் போடச் சொன்னார். நல்ல நீலப் பொறி. மிச்சம் இருந்த சந்தேகம், டைமிங் செயின். அதைப் பார்க்க முன்பக்கத்தை மறுபடி பிரிக்க வேண்டும்.

மறுநாள் காலை சித்தப்பா, "அண்ணே, அவருக்கு முன்ன மாதிரி கண்ணு தெரியலை, கையும் நடுங்குது. வேற பட்டறைக்குக் கட்டி இழுத்துட்டுப் போயிடலாம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் பெரியப்பாவுக்குக் கேட்டுவிட்டது. "புள்ளி பார்த்துத்தான் செயினை மாட்டுனேன்... மறந்துட்டேனோ?" என்று தன் கைகளையே பார்த்தார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம், சாவி போடுவதற்கு முன் கடைசியாக அந்த இன்ஜினில் கை வைத்தது நான்தான்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, வீடியோ எடுக்கலாமே என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து நான்கு பிளக் வயர்களையும் உருவினேன். திரும்ப மாட்டும்போது எது எங்கே என்று குழப்பம். போனில் தேடினேன். 1-3-4-2 என்று வரிசை கிடைத்தது. ஹேண்டிலைச் சுற்றி, புல்லியில் இருக்கும் கோட்டை முள்ளுக்கு நேரே நிறுத்தி, ரோட்டர் காட்டிய இடத்தில் ஒன்றாம் நம்பர் வயரைச் செருகினேன். மற்றவற்றை அதே வரிசையில் மாட்டிவிட்டேன். 'சரியாத்தானே போட்டேன்' என்ற நினைப்பில் முதல் நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. உண்மையில், பயம்.

"பெரியப்பா... அந்த வயரையெல்லாம் நான் கழட்டி மாட்டுனேன்."

அவர் திட்டவில்லை. ஒன்றாம் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் என் கட்டை விரலை வைத்து அழுத்தச் சொன்னார். ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினார். ஒரு கட்டத்தில் காற்று என் விரலை வெளியே தள்ளியது. "கோடு நேரா வர்ற வரைக்கும் சுத்துறேன், பாரு" என்றவர், நிறுத்தி, மூடியைத் திறந்தார். ரோட்டர், நான் நாலாம் வயரைச் செருகிய இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"பிஸ்டன் ரெண்டு தடவை மேல வரும் பாப்பா. ஒண்ணு காத்தை அமுக்க, இன்னொண்ணு புகையைத் தள்ள. ரெண்டு தடவையும் கோடு நேராத்தான் நிக்கும். நீ புகை தள்ளுற நேரத்தைப் பிடிச்சிட்டே. வரிசை சரிதான்... ஆரம்பம்தான் தப்பு!"

புகை வெளியேறி முடிகிற நேரத்தில், புதுக் கலவை உள்ளே வரும் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். அப்போது பொறி விழுந்ததால்தான் கார்புரேட்டர் வழியாக வெடித்திருக்கிறது.

"நீயே மாத்திப் போடு" என்றார். போட்டேன். அப்பா சாவியைத் திருப்பினார். இரண்டே சுற்று... பிடித்துக்கொண்டது! சித்தப்பா ஒன்றும் பேசாமல் போய் பெரியப்பாவுக்கு டீ வாங்கி வந்தார்.

அந்த வீடியோவை நான் போடவே இல்லை. ஆனால், இப்போதெல்லாம் ஆபீஸில் ஒரு செய்தியில் பிழை வந்தால், 'யார் பண்ணினது?' என்று கேட்பதற்கு முன், 'நான் கடைசியா எதைத் தொட்டேன்?' என்று யோசிக்கிறேன். அதை உடனே சொல்லியும்விடுகிறேன். ஒருநாள் தாமதித்தால், பாவம், வேறு யாரோ தன் கைகளையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.