ருகூஉவில் முட்டிய மூச்சு

என் வாப்பாவுக்கு இதயச் செயலிழப்பு என்று மருத்துவர் சொன்னபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. இதயம் நின்றுபோவது என்பதன்று அச்சொல்லின் பொருள். வாப்பாவின் இதயம் நன்றாகவே சுருங்குகிறது. விரிந்து இரத்தத்தை ஏற்பதில்தான் விறைப்பு. அதனால் நடக்கும்போதும் படியேறும்போதும் இதயத்தினுள் அழுத்தம் கூடி, அது நுரையீரல் வரை எட்டி மூச்சை முட்டச் செய்கிறது.

உறவினர்களின் தீர்ப்போ வேறு: "உடம்பு கனத்துவிட்டது, அதனால்தான் இளைக்கிறது." 96 கிலோ எடையுள்ளவரைப் பார்த்து அப்படிச் சொல்வது எளிது. அதில் பாதி உண்மையும் உண்டு. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது. ஒவ்வோர் அடிக்கும் கூடுதல் சுமையைத் தூக்க வேண்டியிருப்பதால் தசைகள் கூடுதலாக ஆக்சிஜன் கேட்கின்றன. நலமான இதயம் அதற்கு ஈடுகொடுக்கும். விறைத்த இதயத்தால் இயலாது. பழி முழுவதையும் எடையின்மீது போட்டுவிட்டால், அதன் பின்னால் இருக்கும் இதயநோய் கவனிக்கப்படாமலே போய்விடும். இந்நோயைக் கண்டறிய உதவும் இரத்தப் பரிசோதனையின் அளவுகூடப் பருமனானவர்களிடம் தாழ்ந்து காட்டுவதுண்டு.

வாப்பா முதலில் உணர்ந்தது நடையில் அன்று, தொழுகையில். ருகூஉவில் சற்று நீடித்தால் மூச்சு முட்டுகிறது என்றார்கள். குனிந்த அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டுவது இதயச் செயலிழப்பின் அறிகுறி என்பதை 2014இல் அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். காலணி அணியக் குனிவதுபோல் நோயாளிகளைக் குனியவைத்து அவர்கள் கண்டதை, வாப்பா தொழுகை விரிப்பில் கண்டார்கள். இப்போது நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்கள். இயலாதவருக்கு மார்க்கம் தந்த சலுகைதானே அது! ஆயினும் பின்வரிசைக்குப் போக அவர்களுக்கு மனமில்லை.

எடை குறைந்தால் மூச்சு இலகுவாகுமா? இதே வகை இதயநோயும் பருமனும் உள்ளவர்களுக்கு வாரம் ஒருமுறை செமாகுளுடைடு ஊசி போட்டுச் செய்த ஆய்வு 2023இல் வெளியாயிற்று. ஓராண்டில் அவர்களது எடை சராசரியாக 13 விழுக்காடு குறைந்தது. ஆறு நிமிடத்தில் நடக்கும் தொலைவு ஏறத்தாழ 20 மீட்டர் கூடியது. வெற்று ஊசி பெற்றவர்களுக்கு ஒரு மீட்டர்தான். இருபது மீட்டர் அற்பமாகத் தோன்றலாம். எங்கள் பள்ளிவாசலில் அது ஹவுளிலிருந்து முன்வரிசை வரையுள்ள தொலைவு. இந்த ஊசியை மருத்துவர் சொல்லாமல் எவரும் தாமாகப் போட்டுக்கொள்ளலாகாது.

எடையிலும் இரண்டு வகை உண்டு. மாதக்கணக்கில் ஏறுவது கொழுப்பு. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது பெரும்பாலும் உடலில் தேங்கிய நீர். ஆகவே பஜ்ருத் தொழுகைக்குப் பின், எதுவும் உண்ணுமுன், வாப்பாவின் எடையை நோட்டில் குறித்துவருகிறோம். சென்ற மாதம் மூன்றே நாளில் இரண்டரைக் கிலோ ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமைப் பிரியாணியின் வேலை என்றார்கள் உம்மா. கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. அன்று மாலையே மருத்துவரிடம் சென்றோம். நீர் பிரியும் மாத்திரையின் அளவைக் கூட்டினார்.