ஆற்றின் வழியே

நாகலாபுரம் என் அன்னையார் பிறந்த ஊர். ஆந்திர மாநிலத்தின் தென்கோடியில், தமிழக எல்லைக்கு அண்மையில், மலையடிவாரத்தில் அமைந்தது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2022-இல் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துவிட்டது. வரும் டிசம்பர் விடுமுறையில் அங்கிருந்து பழவேற்காட்டுக் கடற்கரைவரை ஒருநாள் காரில் செல்ல எங்கள் குடும்பம் திட்டமிட்டு வருகிறது. மலையில் தொடங்கிக் கடலில் முடியும் வழி. இடையே ஒரு மாநில எல்லை. மொத்தத் தொலைவு நூறு கிலோமீட்டரை எட்டாது. நியூ ஜெர்சியில் குடியேறிய நம்மவர்க்கு இதுவும் ஒரு பயணமா என்று நண்பர் ஒருவர் நகைத்தார். அவருக்குக் கூறிய விடையையே இங்கு எழுதுகிறேன்.

இவ்வழியை வகுத்தது நாங்களல்ல, ஆரணியாறு. சித்தூர்ப் பக்கத்து மலைகளில் தோன்றும் அந்த ஆறு, பிச்சாட்டூர் அணையில் தேங்கி, சுருட்டப்பள்ளியைத் தொட்டு, ஊத்துக்கோட்டையருகே தமிழகத்துள் நுழைகிறது. பின் பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டை அடைகிறது. இங்கே டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா. ஆறே எல்லையாக நிற்கிறது. ஆரணியாறோ எல்லையைத் தானே கடந்து செல்வது.

என் அன்னையாரும் அவ்வாறு கடந்தவரே. 1964-இல் மணமுடித்துப் பொன்னேரிக்கு வந்தார். பிறந்த வீடு ஆற்றின் மேற்புறம். புகுந்த வீடு கீழ்ப்புறம். கார்த்திகை மழையில் மேலே அணையைத் திறந்துவிட, பொன்னேரியில் வெள்ளம் பெருகும்போது, கரை உடையுமோ என்று ஊரார் அஞ்சுவர். அன்னையார் மட்டும் கரையில் நின்று, "எங்க ஊர்த் தண்ணி வந்துடுச்சு" என்பார். தாய்வீட்டுச் சீர் வந்து இறங்கியதுபோல அவர் முகம் மலரும்.

அவர் பிறந்த 1944-இல் அப்பகுதி முழுதும் சென்னை மாகாணமாக இருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் உருவாயிற்று. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகச் சுட்டும் வேங்கடத்தை ஒட்டிய நிலப்பகுதி யாருக்கு என்பதில் ம.பொ.சி. முதலியோர் பெரும் போராட்டம் நடத்தினர். 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழர் பக்கம் வந்தது. திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. கோடு எங்கே விழுந்தாலும் இருபுறத்திலும் இருமொழி மக்கள் எஞ்சினர். அன்னையார் கடவுளை வேண்டுவது தமிழில். மளிகைக் கணக்குப் போடுவது தெலுங்கில். இன்றும் வாய்ப்பாடு அவருக்குத் தெலுங்கில்தான் வருகிறது.

பன்னிரண்டு வயதான என் மகள் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "பாட்டி, நீங்க தமிழா, தெலுங்கா?" என்று வினவினாள். "வீட்டுல தமிழ், வாசல்ல தெலுங்கு. ரெண்டும் எங்க ஊர் பாஷைதான் கண்ணு" என்றார் அன்னையார். வீட்டில் ஒரு மொழியும் வாசலில் ஒரு மொழியுமாக வளரும் குழந்தைக்கு அவ்விடை உடனே விளங்கிற்று. நெடுநாளாக நான் விளக்க முயன்ற ஒன்றைப் பாட்டி ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து பயணத் திட்டம் அவர்கள் இருவர் கைக்குச் சென்றுவிட்டது. முதலில் நாகலாபுரத்து வேதநாராயணர் கோயில். கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாதேவியின் நினைவாக ஊருக்குப் பெயரிட்டுக் கட்டியது. கடலடியில் ஒளிக்கப்பட்ட வேதங்களை மீட்ட மச்சாவதாரமாக இறைவன் அங்கே விளங்குகிறார். பங்குனியில் மாலைக் கதிரவனின் ஒளி சில நாட்கள் கருவறைக்குள் புகுந்து மூலவரைத் தொடும். பள்ளி விடுமுறை அப்போது வாய்ப்பதில்லை. அடுத்தது சுருட்டப்பள்ளி. பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த நஞ்சை உண்ட சிவபெருமான் அம்மையின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்டிருக்கும் அரிய தலம். மலையடிவாரத்துக் கோயில்கள் இரண்டும் கடலின் கதையைச் சொல்வதை முதலில் கண்டுகொண்டவள் என் மகள்தான்.

பிறகு ஊத்துக்கோட்டை. ஆறு மட்டுமன்றி, 1983-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கிருஷ்ணா நீரும் 1996 முதல் கால்வாய் வழியே அதனருகில்தான் எல்லை கடந்து சென்னையின் தாகம் தணிக்க வருகிறது. அங்கிருந்து பெரியபாளையத்து பவானியம்மனை வணங்கி, கொல்கத்தா நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து, பொன்னேரியில் எங்கள் பழைய தெருவைப் பார்த்துவிட்டு, பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர் அங்கே கோட்டை எழுப்பினர். அத்துறையிலிருந்து சோழமண்டலத் துணிகள் கீழை நாடுகளுக்குச் சென்றன. அடிமைகளாக மனிதரும் கப்பலேற்றப்பட்டனர். விரும்பிக் கடல் கடந்த நாம், விரும்பாமல் கடந்தவர்களையும் அக்கரையில் நின்று ஒருகணம் நினைக்க வேண்டும். அங்குள்ள ஏரியும் இரு மாநிலத்துக்கும் பொது. குளிர்காலத்தில் அங்கு வந்திறங்கும் பூநாரைகள் எந்தக் கரை எவருடையது என்று கேட்பதில்லை.

மகளும் பாட்டியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டுள்ளனர். ஊத்துக்கோட்டைவரை சாலையோரப் பெயர்ப்பலகைகளைப் பாட்டி படித்துச் சொல்ல வேண்டும்; வீட்டில் தெலுங்கு எழுத்து அறிந்தவர் அவர் ஒருவரே. எல்லை தாண்டியதும் அப்பொறுப்பு பேத்தியுடையது. நம் சங்கத்தின் வார இறுதி வகுப்பில் கற்ற தமிழுக்கு அதுவே அவளுக்குத் தேர்வு. "நான் தடுமாறினா நீங்க சொல்லக் கூடாது" என்பது அவள் விதித்த நிபந்தனை.

இருவருக்கும் வேண்டிய ஏற்பாடுகளை நான் கவனிக்கிறேன். வாடகைக் காருக்கு இரு மாநில அனுமதி உண்டா என்று முன்னரே கேட்டறிய வேண்டும். அன்னையாரின் முழங்கால்கள் நெடுநேரம் மடங்கியிருக்க ஒப்பா. ஆகவே மணிக்கொருமுறை நிறுத்தம். சென்னையில் இறங்கி, திருப்பதி தரிசனம் முடித்து, நாகலாபுரத்தில் காரை விட்டிறங்காமல் திரும்பலாம் என்றும் உறவினர் சிலர் யோசனை கூறினர். அன்னையார் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே சென்றுவிட்டார்.

விமானப் பயணத்துக்கு அவர் உடல் இடங்கொடுக்குமா என்பதை மருத்துவர் அடுத்த மாதம்தான் சொல்வார். ஆனாலும் என் மகள் காத்திருக்கவில்லை. பாட்டி சொல்லச் சொல்ல, தெருக்கள், குளங்கள், தோழியர் வீடுகள் எல்லாவற்றின் பெயர்களையும் ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதி வருகிறாள். அருகில் அதே பெயரைப் பாட்டி நடுங்கும் கையால் தெலுங்கில் எழுதுகிறார். இதுவரை பதினான்கு பக்கங்கள் நிறைந்துள்ளன. விடுமுறைக்கு ஊர் செல்லத் திட்டமிடும் அன்பர்கள், பயணச்சீட்டு வாங்குமுன் வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்துப் பாருங்கள். அவர் உடன்வர இயலாமற் போனாலும், எங்கே நிற்க வேண்டும் என்பது குழந்தைகளுக்குத் தெரிந்திருக்கும்.