பக்கத்துத் தெருக் கணக்கு

கும்பகோணத்தில் அந்தத் தெருக்காரர்களுக்குச் சளி, காய்ச்சல் என்று எது வந்தாலும் முதலில் தட்டுவது வாத்தியார் வீட்டுக் கதவைத்தான். முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அதன் பிறகு ஹோமியோபதிப் புத்தகங்கள் படித்து, ஒரு மரப்பெட்டி நிறைய குட்டிக் குட்டிப் பாட்டில்கள் சேர்த்து வைத்திருந்தார். யாரிடமும் காசு வாங்க மாட்டார். ராத்திரி தூக்கம் வருதா, தாகம் எடுக்குதா, மனசுல ஏதாவது கவலையா என்று அரை மணி நேரம் பொறுமையாக விசாரிப்பார். அந்த விசாரிப்பிலேயே பாதி நோய் போய்விடும் என்பார்கள் தெருவில்.

2020 ஜனவரி 29. இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில் உறுதி செய்யப்படுவதற்கு முந்தைய நாள். ஆர்சனிகம் ஆல்பம் 30 என்ற ஹோமியோ மருந்தை மூன்று நாள் வெறும் வயிற்றில் சாப்பிடலாம், தடுப்பு மருந்தாக இருக்கும் என்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வாத்தியாருக்கு அது போதுமானதாக இருந்தது. ஊரடங்கு நாள்களில் முகக்கவசம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பொட்டலம் கொடுத்தார். மாத்திரை போட்டதும் அரை மணி நேரத்துக்குக் காபி கூடாது என்றார். டிகிரி காபி ஊரில் அதுதான் பெரிய பத்தியம்!

பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் வீட்டில் இருந்த பேரன் கேட்டான். "தாத்தா, அந்த 30ன்னா என்ன?"

"மருந்துல ஒரு பங்கை 99 பங்கு கரைசல்ல கலந்து குலுக்கணும். அதுல ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்குல. இப்படி 30 தடவை."

பையன் நோட்டில் பூஜ்யங்களாகப் போட்டான். ஒன்றுக்குப் பின்னால் அறுபது பூஜ்யம். "12 தடவையிலேயே அவகாட்ரோ எண்ணைத் தாண்டிடுதே தாத்தா. அப்புறம் மருந்தோட ஒரு மூலக்கூறு கூட மிஞ்சாதே. மீதி சர்க்கரைதானே?"

அவகாட்ரோ எண்ணைப் பல நூறு பிள்ளைகளுக்கு நடத்தியவர் சிரித்தார். "எல்லாம் கணக்குல அடங்காதுடா. மாத்திரை சாப்பிட்ட நம்ம தெருவுல ஒருத்தருக்காவது வந்துதா, சொல்லு."

உண்மைதான். அந்த வருஷம் தெருவில் ஒருவருக்கும் வரவில்லை. அவருடைய நோட்டுப் புத்தகத்தில் நாற்பது வீடுகளின் பெயர்களுக்கு எதிரே 'நலம்' என்றே எழுதியிருந்தது.

2021 மார்ச்சில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி ஆரம்பமானது. மருமகள் இரண்டு முறை நினைவூட்டினாள். "கூட்டம் குறையட்டும்மா, நம்மகிட்டதான் மாத்திரை இருக்கே" என்று தள்ளிப்போட்டார். அவர் போகாததால் மனைவியும் போகவில்லை.

மே மாதம் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. டெஸ்டில் பாசிட்டிவ். வாத்தியார் பெட்டியைத் திறந்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அவர் முகத்தில் வெளிச்சம். ஏழாம் நாள் காலை, மருமகள் மாமியாரின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினாள். 91.

"மாமா, 94க்குக் கீழ போனா ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்லியிருக்காங்க."

"நல்லாத்தானேம்மா பேசறா? மூச்சு வாங்கலையே. இன்னிக்கு ஒரு நாள் பார்ப்போம். மருந்தை மாத்திக் கொடுக்கறேன்."

மருமகள் குரலை உயர்த்தவில்லை. "மாமா, நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கார்பன் டை ஆக்சைடு ஏறினாத்தான் மூச்சு முட்டற மாதிரி இருக்கும். இந்த நோய்ல அது வெளியே போயிடுது. ஆக்சிஜன் மட்டும் சத்தமில்லாம இறங்குது. அத்தைக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இந்தக் கருவிக்குத்தான் தெரியும்."

அவர் மறுபடி மாட்டிப் பார்த்தார். 90. பிறகு தன் விரலில் மாட்டிப் பார்த்தார். 98. கருவியில் கோளாறு இல்லை. பெட்டியை மூடிவிட்டு, "108க்குப் போன் போடும்மா" என்றார்.

அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். குப்புறப் படுக்கச் சொன்னார்கள். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். வாத்தியாருக்குத் தொற்று இல்லை. வீட்டில் இரவெல்லாம் தூக்கமும் இல்லை.

பேரன்தான் பக்கத்தில் உட்கார்ந்து போனில் படித்ததைச் சொன்னான். பிரிட்டனில் 2020ல் நடந்த ஆய்வு. 2,104 நோயாளிகளுக்கு அந்த ஸ்டீராய்டு கொடுத்தார்கள். 4,321 பேருக்கு அது இல்லாமல் வழக்கமான சிகிச்சை. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத்தான் முடிவு செய்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருந்தவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன.

"சாப்பிடாதவங்களையும் எண்ணியிருக்காங்க, இல்ல?" என்று கேட்டார் தாத்தா.

"ஆமா தாத்தா. அப்பத்தானே தெரியும்."

வெகுநேரம் அவர் பேசவில்லை. பக்கத்துத் தெருவுக்கு அவர் பொட்டலம் கொடுக்கவே இல்லை. 2020ல் அங்கேயும் ஒருவருக்கும் வரவில்லை. இது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். நோட்டில் மட்டும் எழுதவில்லை.

பன்னிரண்டாம் நாள் மனைவி வீடு திரும்பினார். வாசலில் ஆரத்தி எடுத்தபோது வாத்தியார் தூணோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஒரு நாள் காத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று அவர் கேட்க, "அதான் காத்திருக்கலையே" என்றார் மனைவி. மறு வாரமே அவர் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மூன்று மாதம் கழித்து மனைவியையும் கூட்டிப்போனார்.

மரப்பெட்டியை அவர் தூக்கி எறியவில்லை. யாராவது வந்தால் இப்போதும் அரை மணி நேரம் விசாரிக்கிறார். அந்தக் கனிவுக்கு எந்த மாத்திரையும் தேவையில்லை என்று அவருக்கு இப்போது தெரியும். சர்க்கரை உருண்டை யாரையும் கொல்லாது. அதை நம்பிக் காத்திருக்கும் ஒரு நாள் கொல்லலாம்.

"சார், அந்த மூணு நாள் மாத்திரை இருக்கா?" என்று இருமிக்கொண்டே யாராவது வந்தால், பெட்டியின் மேல் இருக்கும் ஆக்சிமீட்டரைத்தான் முதலில் எடுக்கிறார்.

"முதல்ல விரலை நீட்டுங்க."