ஆர்.சி. புக் ஒன்று சொல்லுது... இன்ஜின் வேறு சொல்லுது! - தொட்டியம் பட்டறையில் ஒரு லாரியின் ஜாதகம்

திருச்சியிலிருந்து முசிறி வழியாக நாமக்கல் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் வந்தால் தொட்டியம். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் தூரத்தில் கொல்லிமலை. நடுவில் கண்ணுக்கு எட்டிய வரை வாழை. பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, நேந்திரன், மொந்தன் என்று தோட்டத்துக்குத் தோட்டம் ரகம் மாறும். ஆற்றை ஒட்டிய வயல்களில் பாய் நெய்வதற்கான கோரையும் உண்டு.

வெளியூர்க்காரர்களுக்குத் தொட்டியம் என்றால் மதுரை காளியம்மன்தான். பங்குனித் திருவிழாவில் தேரை வடம் பிடித்து இழுக்க மாட்டார்கள். தோளில் சுமந்து வருவார்கள். அந்த ஊரில் சுமை தூக்கும் இன்னொரு தோள், லாரி. வெட்டிய தார் காத்திருக்காது. இன்றைக்கு ஏற்றியது சொன்ன நேரத்தில் மண்டிக்குப் போகவில்லை என்றால் பழுக்கத் தொடங்கிவிடும், விலை இறங்கிவிடும்.

அதனால்தான் சாலையோரப் பட்டறையில் புளியமரத்தடியில் நின்றிருந்த அந்த ஆறு சக்கர லாரியைச் சுற்றி அவ்வளவு கவலை.

"கம்மின்ஸ் இன்ஜின்னு சொன்னாங்கண்ணே!"

வண்டிக்காரர் பல வருஷம் அடுத்தவர் லாரியை ஓட்டியவர். மனைவியின் நகையை அடகு வைத்து, மீதிக்குக் கடன் வாங்கி, நாமக்கல் பக்கம் ஒருவரிடம் பழைய வண்டி ஒன்றை எடுத்திருக்கிறார். காலியாக ஓடும்போது குறையே தெரியவில்லை. முதல் லோடு ஏற்றி மேட்டில் ஏறியபோது இழுவை இல்லை, சைலன்சரில் கரும்புகை. ரெண்டாவது லோடில் நீலப்புகையும் சேர்ந்துகொண்டது. ஆயில் குறைகிறது.

"டர்போ போயிருக்கும், புதுசு மாட்டிடலாமாண்ணே?"

"எந்த டர்போ மாட்டுறது தம்பி? முதல்ல இது என்ன இன்ஜின்னு பாப்போம்" என்றார் மெக்கானிக்.

பழைய லாரி வாங்குகிற எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. நாமக்கல், லாரிகளுக்கும் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் பேர்போன ஊர். தொட்டியத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர்தான். பழைய வண்டி, பழைய இன்ஜின், பழைய டர்போ எல்லாமே கைமாறும் வட்டாரம். நாலு கை மாறிய லாரியில் எது கம்பெனியில் போட்டது, எது பிறகு மாட்டியது என்று வண்டிக்கே தெரியாது.

பெயரிலேயே இருக்கிறது குறிப்பு

மெக்கானிக் கேபினைச் சாய்த்து, எண்ணிப் பார்த்தார். டீசல் பம்பிலிருந்து ஹெட்டுக்குப் போகும் குழாய்கள் நாலு. அப்படியானால் நாலு சிலிண்டர். விற்றவர் சொன்னது ஆறு சிலிண்டர் கம்மின்ஸ். முதல் பொய் அங்கேயே உடைந்தது.

நம் ஊர் லாரி இன்ஜின்களின் பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டாடாவின் 497 என்றால் 4 சிலிண்டர், சிலிண்டரின் உள்விட்டம் 97 மில்லிமீட்டர். 697 என்றால் அதே 97 மில்லிமீட்டரில் 6 சிலிண்டர். அந்த 697-க்கு வேர் ஜெர்மனியின் பென்ஸ். 1954-லிருந்து 1969 வரை டாடாவும் பென்ஸும் கூட்டாக லாரி செய்தன. ஊர்ப் பெரியவர்கள் இன்னும் 'டாடா பென்ஸ்' என்று சொல்வது அதனால்தான். கம்மின்ஸின் '6 பி.டி. 5.9' என்றால் 6 சிலிண்டர், பி வரிசை, டர்போ உண்டு, 5.9 லிட்டர். டாடாவும் கம்மின்ஸும் கைகோத்தது 1993-ல். சென்னை எண்ணூரின் அசோக் லேலண்டுக்கும் இதேபோல ஒரு பரம்பரை: 1948-ல் அசோக் மோட்டார்ஸ், பிறகு இங்கிலாந்தின் லேலண்ட், 1980-களில் ஜப்பானின் ஹினோ இன்ஜின்.

பெயரின் வாலில் 'டி.சி.' என்று இருந்தால் டர்போ. 'டி.சி.ஐ.சி.' என்றால் டர்போவோடு, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சேர்த்தி.

பென்சில் காட்டிய எண்

அடுத்து இன்ஜின் எண். பிளாக்கில் பல வருஷத்து ஆயிலும் மண்ணும் கெட்டியாகப் படிந்திருந்தன. டீசல் ஊற்றி, துணியால் துடைத்து, மெதுவாகத் தேய்த்தார். "உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது தம்பி. எண் மங்கிடுச்சுன்னா, நாமதான் அழிச்சோம்னு ஆயிடும்."

அதன்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தீட்டினார். பிள்ளைகள் காசை வைத்துத் தீட்டுவது போலத்தான். எழுத்துகள் எழும்பின. தொடக்கத்திலேயே '497 டி.சி.'. ஆர்.சி. புக்கில் இருந்ததும் 497-தான். ஆனால் 'டி.சி.' இல்லை; பின்னால் வரும் எண்ணும் வேறு.

அதாவது, டர்போ இல்லாத இன்ஜினோடு பிறந்த வண்டிக்கு, யாரோ வேறொரு லாரியின் டர்போ இன்ஜினை மாட்டியிருக்கிறார்கள், பதிவில் சேர்க்கவில்லை.

சேஸிஸ் எண்ணையும் சரிபார்த்தார்கள். 17 எழுத்து, எண்கள். எம்.ஏ.டி. என்று தொடங்கினால் டாடா, எம்.பி.1 என்றால் அசோக் லேலண்ட், எம்.சி.2 என்றால் ஐஷர். அது ஆர்.சி.யோடு சரியாகப் பொருந்தியது. வண்டிக்காரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

டர்போ யாருடையது?

டர்போ ஒரு எளிய யோசனை. ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-ல் காப்புரிமை பெற்றது. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும்; அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். கூடுதல் காற்று இருந்தால் கூடுதல் டீசலை முழுதாக எரிக்கலாம். இழுவை கூடும், கரும்புகை குறையும். 2017 ஏப்ரலில் பி.எஸ். 4, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்று புகை விதிகள் நாடு முழுக்க இறுக இறுக, டர்போ இல்லாத புது லாரியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சின்ன லாரி டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு 1 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். அதைக் காப்பாற்றுவது இன்ஜினிலிருந்து வரும் ஆயில் மட்டும்தான்.

காற்று உள்ளே போகும் பக்கத்து வீட்டில் சின்னத் தகடு ஒன்று இருக்கும். தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் அதில் இருக்கும். இந்த டர்போவில் தகட்டைக் காணோம். ஆணி அடித்த ரெண்டு துளைகள்தான் மிச்சம்.

ஆனாலும் வழி இருந்தது. புகை வரும் பக்கத்து வார்ப்பிரும்பில் அச்சிலேயே வந்த எண்ணைக் குறித்தார். காற்றுச் சக்கரத்தின் விட்டத்தை வெர்னியரில் அளந்தார். இறக்கைகளை எண்ணினார். அப்போதுதான் கண்ணில் பட்டது: டர்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் கையால் வெட்டிய ஓர் இரும்புத் தகடு. ரெண்டின் துளைகளும் பொருந்தாததால் யாரோ இட்ட ஒட்டு.

படங்களும் அளவுகளும் நாமக்கல்லில் உள்ள டர்போ சர்வீஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் போயின. டீ குடித்து முடிப்பதற்குள் பதில் வந்தது: ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கான டர்போ.

எல்லாப் புகைக்கும் காரணம் விளங்கிவிட்டது. நாலு சிலிண்டரின் புகைக்கு அந்தப் பெரிய சக்கரத்தை வேகமாகச் சுழற்றும் தெம்பு இல்லை. மேட்டில் டீசல் போகிறது, காற்று போதவில்லை. அதனால் கரும்புகை. நடுவில் தகடு வைத்ததால் டர்போவின் இடம் மாறி, ஆயில் திரும்பி இறங்கும் ஹோஸ் மடங்கிக் கிடந்தது. அந்த ஆயில் தானாக வழிந்து இறங்க வேண்டியது. வழி அடைபட்டால் டர்போவுக்குள்ளேயே தேங்கிக் காற்றுப் பாதையில் கசியும். அதனால் நீலப்புகை.

"கேட்டவுடனே புதுசு ஒண்ணு வாங்கி மாட்டியிருந்தா, இதே ஹோஸ் அதையும் தின்னிருக்கும்" என்றார் மெக்கானிக்.

விற்றவருக்கு ஒரு போன்

பென்சில் தாளைப் படமெடுத்து அனுப்பிவிட்டு வண்டிக்காரர் போன் போட்டார். கொஞ்சம் சத்தம், கொஞ்சம் மழுப்பல். கடைசியில் விற்றவர் இறங்கி வந்தார். விபத்தில் நொறுங்கிய இன்னொரு லாரியின் இன்ஜின் அது; வாங்கிய ரசீது இருக்கிறதாம். அதைத் தருவதாகவும், டர்போ செலவில் பாதியை ஏற்பதாகவும் சொன்னார்.

ரசீதுதான் பெரிது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, இன்ஜினை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். எண் பொருந்தாத வண்டிக்கு எஃப்.சி. சமயத்தில் சிக்கல், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல். அந்த இன்ஜின் திருட்டு வண்டியுடையது என்றால் கேட்கவே வேண்டாம்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்யக்கூடியவை இவைதான்: எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள். ஆர்.சி. புக்கோடு இன்ஜின், சேஸிஸ் எண்களை நேரில் ஒப்பிடுங்கள். சிலிண்டரை எண்ணுங்கள். இன்ஜின் ஆறியபின் டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, சக்கரத்தை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசினாலோ செலவு காத்திருக்கிறது. வாங்கிய பிறகு, ஓடி வந்த வண்டியை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள். சூடான டர்போவுக்கு அதுதான் ஆயுள்.

பங்குனி லோடு அவருக்குக் கிடைக்கவில்லை. ஏற்ற வேண்டிய நேந்திரன் தார்கள் வேறொரு வண்டியில் கேரளாவுக்குப் போயின. சரியான டர்போ, புது ஹோஸ் எல்லாம் மாட்டி, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கான விண்ணப்பத்தையும் எழுதி முடித்த அன்று, மெக்கானிக் வண்டியைக் கிளப்பிக் காட்டினார். புகை கண்ணுக்குத் தெரியவில்லை. மெல்லிய விசில் மட்டும் கேட்டது.

வண்டிக்காரர் அந்தப் பென்சில் தாளை நாலாக மடித்து, ஆர்.சி. புக் உறைக்குள் காளியம்மன் குங்குமப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அதை எதுக்குத் தம்பி இன்னும் வச்சிருக்க?"

"நாளைக்கு நான் இந்த வண்டியை வித்தா, வாங்குறவருக்குக் காட்டணுமில்லண்ணே" என்றார்.