ஆடும் காரும் ஆடிய பூமியும்

எண்பதுகளில் கலிஃபோர்னியாவுக்கு வேலைக்கு வந்த நம் பையன்கள் பெரும்பாலும் முதலில் வாங்கியது, மூன்று நான்கு கை மாறிய காரைத்தான். என்னுடையது சிக்னலில் நின்றால் சாமி வந்த மாதிரி ஆடும். கதவுப் பிடி வேறு தனியாகத் தாளம் போடும்.

அதனால் 1989 அக்டோபர் 17 மாலை 5:04க்கு லோமா ப்ரியேட்டா நிலநடுக்கம் வந்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சன்னிவேல் சிக்னல் கம்பம் ஆடி விளக்கு அணைந்து, பக்கத்து வண்டிக்காரர் இறங்கி ஓடியபோதுதான் சங்கதி புரிந்தது.

அளவு 6.9. ஓக்லாந்தில் சைப்ரஸ் ஈரடுக்கு மேம்பாலத்தின் மேல்தளம் கீழ்த்தளத்தின்மேல் விழுந்து 42 பேர் இறந்தார்கள். அன்று சான் பிரான்சிஸ்கோவும் ஓக்லாந்தும் மோதிய பேஸ்பால் இறுதிச்சுற்று ஆட்டம். அதைப் பார்க்கப் பலரும் சீக்கிரமே வீட்டுக்குப் போயிருந்தார்கள். இல்லையென்றால் அந்நேரம் அந்தப் பாலத்தில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். பேஸ்பால் எனக்கு இன்றுவரை புரியாது. ஆனாலும் அதன்மேல் ஒரு மரியாதை.

மதுரைக்கு லைன் கிடைக்க மறுநாளாயிற்று. எல்லாம் கேட்டு முடித்த அப்பா, “ஏம்ப்பா, அந்த வண்டிய எப்பத்தான் விக்கப்போற?” என்றார்.