மடியா, இருக்கையா?

எங்கள் கடையநல்லூரிலிருந்து குற்றாலத்துக்குக் காரில் கிளம்பினால் பேத்தி என் மடியில்தான்!

சிட்னியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு சனிக்கிழமை புளூ மவுண்டன்ஸ் போனோம். 100 கிலோமீட்டர் தூரம். இரண்டு வயதுப் பேத்தியைத் தனி இருக்கையில் வார் போட்டு உட்கார வைத்தாள் மகள். ஒரே அழுகை.

"ஏட்டி, மடியிலே குடு" என்றேன்.

"இங்கே 7 வயசு வரைக்கும் இதுதான் சட்டம்மா. சட்டுனு பிரேக் போட்டா உன் கையிலே பிள்ளை நிக்காது."

வண்டியை நிறுத்தி, பால் கொடுத்து, சமாதானப்படுத்தியே போனோம். 'மூன்று சகோதரிகள்' பாறையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்!

மறு வருஷம் ஊருக்கு வந்தவள், குற்றாலம் கிளம்பும்போது கேட்டாள்: "ஆச்சி, என் சீட் எங்கே?"

நம் நாட்டிலும் 2019 சட்டத் திருத்தப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பெல்ட்டோ தனி இருக்கையோ கட்டாயமாம். வாங்கிய பிறகுதான் அருவிக்குப் போனோம்.