சரியாக இருந்த கணக்கு

என் தங்கையின் மகன் பட்டயக் கணக்காளர் தேர்வில் தேறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தில்லைநகரில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் நல்ல ஊதியம் பெறுகிறான். சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் மேலப்புதூரிலுள்ள எங்கள் வீட்டிற்கு வந்து, "மாமா, தணிக்கையை விட்டு முதலீட்டு மேலாண்மைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். மும்பையில் ஒரு நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது" என்றான். மறுநாள் காலையிலேயே தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "பிறர் பணத்தைப் பொறுப்பேற்கும் வேலை நமக்கு வேண்டாம் அண்ணா. நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றாள். அவள் அப்படி அஞ்சுவதற்குக் காரணம் நானே.

1984-ஆம் ஆண்டு, திருவரங்கம் தெற்குச் சித்திரை வீதியில் ஓர் ஆடிட்டரிடம் எழுத்தராகச் சேர்ந்தேன். நாள்தோறும் மிதிவண்டியில் காவிரிப் பாலத்தைக் கடந்து செல்வேன். நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்ற இராஜகோபுரம் அப்போதுதான் நிலை நிலையாக உயர்ந்துகொண்டிருந்தது, 1987-இல் நிறைவுற்றது. ஊரே அண்ணாந்து பார்த்த அந்நாள்களில் நாங்கள் குனிந்து கூட்டல் போட்டுக்கொண்டிருந்தோம். "பேரேட்டில் இலாபம் இருந்தால் போதாது, பெட்டியில் பணம் இருக்கிறதா என்று பார்" என்பார் ஆடிட்டர் ஐயா. அவரிடம் கற்றது வீண்போகவில்லை. ஆனால் அது முழுமையும் அன்று.

1994-இல் என் தந்தை பொன்மலை இரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றார். வைப்புத் தொகைக்கு 24 விழுக்காடு வட்டி தருவதாக விளம்பரம் செய்த ஒரு நிதி நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பை என் முன் வைத்து, "பாரப்பா, இதில் போடலாமா?" என்று கேட்டார். நள்ளிரவு வரை அதைப் படித்தேன். பற்றும் வரவும் ஒத்திருந்தன. தணிக்கையாளர் கையொப்பமும் இருந்தது. "கணக்கு சரியாக இருக்கிறது அப்பா" என்றேன். பணிக்கொடை முழுவதும் அங்கே போயிற்று. 1997-இல் அந்நிறுவனத்தின் கதவு பூட்டப்பட்டது. தங்கையின் திருமணம் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. அப்பா என்னை ஒரு சொல்லாலும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் சொன்னது பொய்யன்று. வைப்பாளருக்கு 24 விழுக்காடு கொடுக்க வேண்டியவர்கள் அதனினும் மிகுந்த வட்டிக்கு யாருக்குக் கடன் கொடுப்பார்கள், அவ்வளவு வட்டி கட்டி எந்தத் தொழில் பிழைக்கும் என்று நான் கேட்கவேயில்லை. கேட்பது என் வேலை என்றே தோன்றவில்லை. முடிந்த ஆண்டைச் சரிபார்க்கப் பழகிய கண், வரும் ஆண்டின் பக்கம் தானாகத் திரும்புவதில்லை.

எனினும் கணக்கறிவே இத்தொழிலின் முதற்கருவி என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் 1926-இல் பெஞ்சமின் கிரஹாம் என்னும் இளம் ஆய்வாளர், நார்தர்ன் பைப் லைன் என்ற சிறிய எண்ணெய்க் குழாய் நிறுவனம் அரசு ஆணையத்திற்கு அனுப்பியிருந்த அறிக்கையைத் தேடிச் சென்று படித்தார். பங்கின் சந்தை விலை 65 டாலர். ஆனால் பங்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 95 டாலர் மதிப்புள்ள கடன்பத்திரங்கள் முதலியன நிறுவனத்தின் கையில் சும்மா கிடந்தன. கண்டுபிடித்தது கணக்கறிவு. பங்குகளை வாங்கி, நிர்வாகத்தோடு வாதாடி, அப்பணத்தின் பெரும்பகுதியை 1928-இல் பங்குதாரர்களுக்குப் பெற்றுத் தந்தது வேறொரு துணிவு. நம் நாட்டில் சத்யம் நிறுவனத்தின் தலைவர், ஏடுகளில் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று 2009 ஜனவரி 7 அன்று ஒப்புக்கொண்டபோது, ஆடிட்டர் ஐயாவின் பெட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மருமகன் ஆயத்தமாகவே வந்திருந்தான். சி.எப்.ஏ. என்னும் பன்னாட்டுத் தேர்வின் மூன்று நிலைகளில் முதலாவதைத் தேறியிருந்தான். பங்கு ஆய்வாளர்களுக்கு செபி விதித்துள்ள சான்றிதழையும் பெற்றிருந்தான். "ஆனால் அவர்கள் சான்றிதழைப் புரட்டுவதில்லை மாமா, ஒரு நிறுவனத்தைச் சொல்லி, அதன் பங்கை வாங்கலாமா வேண்டாமா, ஏன் என்று கேட்கிறார்கள். மூன்று ஆண்டுப் பயிற்சியில் அப்படி ஒரு வாக்கியம் நான் எழுதியதே இல்லை" என்றான். ஆகவே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்து, அதன் பத்தாண்டு அறிக்கைகளைப் படித்து, தன் முடிவை நான்கு பக்கங்களில் எழுதியிருந்தான். அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்றிரவு, தாலந்தைப் புதைத்துவைத்த ஊழியனின் நினைவு வந்தது. வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்த அவன் கணக்கில் நான் ஒரு குறையும் காணமாட்டேன். வாணிபம் செய்து, தோற்று, வெறுங்கையோடு தலைவன் முன் வந்து நின்ற ஊழியன் ஒருவன் அந்த உவமையில் இல்லையே என்பது என் நெடுநாள் மனக்குறை.

நான்கு பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். மூன்றாம் பக்கத்தில் விற்பனை ஆண்டுதோறும் உயர்ந்திருந்தது. வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய தொகையோ அதைவிட விரைவாக உயர்ந்திருந்தது. "இந்தப் பணம் எப்போது வரும்?" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

"போகட்டும் அம்மா" என்று தங்கையிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் தொலைபேசியை வைத்துவிட்டாள். மாலையில் அவன் அழைத்தான். "மாமா, அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. முடிவை மாற்ற வேண்டியிருக்கலாம். ஒரு வாரம் கொடுங்கள்" என்றான்.